பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு சிப்பி

“நடுவுல ஒண்ணு மட்டும் பிளக்காம முழுசா இருக்கே தம்பி, கவனிச்சீங்களா?”

2023 ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், தங்கச்சிமடத்தில் என் கடைக்குள் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி கேட்ட கேள்வி இது. அவர் படகு கட்டும் ஆசாரி. வயது எழுபதை நெருங்குகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரை அதுவரை கோயில் திருவிழா மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நான் திரையில் நிறுத்தி வைத்திருந்த காட்சியில் ஒரு சிவப்புக் கிட்டாரின் கழுத்தும், அதில் வரிசையாகப் பதித்த சிப்பிக் கட்டங்களும், அதன்மேல் ஓடும் விரல்களும் தெரிந்தன. “இல்லைங்கய்யா, வெளிச்சம் பட்டு அப்படித் தெரியுது. எல்லாமே பிளந்ததுதான்” என்று சொல்லிவிட்டுக் காட்சியை ஓடவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அந்தப் பதிலை எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பது 2025 ஜூன் மாதத்திலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்றைக்கு எழுதி முடித்துவிட வேண்டும்.

படம் ‘பேக் டு த ஃப்யூச்சர்’. வந்தது 1985இல், நான் பார்த்தது 1994இல், எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். சவூதியிலிருந்து வந்த சித்தப்பா ஒரு டெக்கும் நாலைந்து கேசட்டும் கொண்டு வந்திருந்தார். மண்டபத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. 1985லிருந்து 1955க்குப் போய் மாட்டிக்கொண்ட ஒரு பையன், தன் அப்பா அம்மா படித்த பள்ளிக்கூடத்து நடன விழாவில், கையில் அடிபட்ட கிட்டார்காரருக்குப் பதிலாக மேடை ஏறுகிறான். செர்ரிப்பழச் சிவப்பில், உடம்பில் இரண்டு எஃப் வடிவத் துளைகளோடு, வால்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடி வைத்த கிட்டார். அவன் வாசிக்கத் தொடங்கியதும் எனக்குக் கதை முழுவதும் புரிந்துவிட்டது போல இருந்தது. அன்றைக்கு ராத்திரி மண்டபத்துக் கடற்கரையில் ஒரு துடுப்பை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு தெரிந்துகொண்டதுதான், அந்தக் காட்சியில் கேட்கும் கிட்டார் டிம் மே வாசித்தது, குரல் மார்க் கேம்ப்பெல் பாடியது என்பதெல்லாம். ஆனால் பையனாக வரும் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் விரல் வைப்பைக் கற்றுக்கொண்டுதான் நடித்தார். அதனால் கை சரியான இடத்தில் இருக்கிறது. கிட்டார் வாசிக்கிறவன் கண்ணுக்கு அது பெரிய மரியாதை. எத்தனையோ படங்களில் கதாநாயகன் கழுத்தில் ஏதோ ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவதைப் பார்த்து நொந்திருக்கிறேன். இந்தப் படத்தில் ஒரு சின்னக் கிட்டார்கூட யோசித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கைதான் அந்தக் கிட்டார்களைத் தேடிப் போக வைத்தது.

மூன்று கிட்டார்

படத்தில் என்னை இழுத்தவை மூன்று. தொடக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான ஸ்பீக்கர் பெட்டியில் செருகி, ஒரே ஒரு அடியில் பையனைப் பின்னால் தூக்கி எறிகிற மஞ்சள் நிறக் குட்டிக் கிட்டார். அது எர்ல்வைன் சிகிட்டா. மார்க் எர்ல்வைன், ஸீஸீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸோடு சேர்ந்து உருவாக்கிய பயணக் கிட்டார். அதைத்தான் முதலில் செய்தேன், 2016இல். தட்டையான ஒரே கட்டை உடம்பு, சிக்கலான வேலை ஒன்றும் கிடையாது. இரண்டாவது, பள்ளிக்கூடத் தேர்வில் சத்தம் அதிகம் என்று நிறுத்தப்படுவதற்கு முன் அவன் வாசிக்கும் கறுப்பு ஐபனெஸ் ரோட்ஸ்டார். அதே வகையில் பழையது ஒன்று மதுரையில் மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கிடைத்தது. இரண்டும் கடையில் என் தலைக்கு மேலே தொங்குகின்றன.

மூன்றாவது அந்தச் சிவப்பு. அமெரிக்கக் கம்பெனியான கிப்சனின் இஎஸ்-345 மாடல். வாங்குவதென்றால் லட்சக்கணக்கில் ஆகும். நான் நினைத்துப் பார்க்கக்கூடிய தொகை இல்லை. செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அதைச் செய்வதற்கு முன்பே ஒரு சர்ச்சை காத்திருந்தது. அந்த நடன விழா நடப்பது 1955 நவம்பர் 12. இஎஸ்-345 அப்போது உலகத்திலேயே கிடையாது. அந்தக் குடும்பத்தின் மூத்தது இஎஸ்-335, அதுவே 1958இல்தான் வந்தது. படத்தில் தவறு கண்டுபிடிப்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு கிட்டார் ஆசிரியர், “செய்யறதுன்னா 1955இல் இருந்த மாதிரி ஒண்ணைச் செய், சரித்திரமாவது சரியா இருக்கும்” என்றார். எனக்கு அதில் ஒருநாளும் சம்மதம் இல்லை. பையன் மேடையில் வாசிப்பது ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் பாட்டு; அவரை நினைத்ததும் மனசில் வருவது இந்தச் சாயல் கொண்ட சிவப்புக் கிட்டார்தான். சரித்திரத்தில் இல்லாத அந்தக் கிட்டார்தான் என்னைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்தது. படத்தில் இருப்பது எதுவோ அதைத்தான் செய்வேன் என்று அவரிடம் சொன்னேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

காயில்

எங்களுடையது மோட்டார் காயில் கட்டும் கடை. அப்பா ஆரம்பித்தது. ஐஸ் கம்பெனி மோட்டார், நீர்மூழ்கி மோட்டார், மிக்ஸி, சீலிங் ஃபேன் என்று எதுவும் வரும். உப்புக் காற்றில் இங்கே காயில் சீக்கிரம் எரியும், அதனால் வேலைக்குக் குறைவில்லை. பதினாறு வயதிலிருந்து கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். முதலில் இருந்தது ஒற்றைக் காயில் பிக்கப் வைத்த மலிவான கிட்டார். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் காயிலும். டியூப்லைட்டைப் போட்டால் போதும், ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் நிற்காமல் வரும். காணிக்கைப் பாட்டு முடிந்து எல்லாரும் அமைதியாக இருக்கும்போது அந்த இரைச்சல் பீடம் வரைக்கும் போகும். பங்குத்தந்தை திரும்பிப் பார்ப்பார். அது நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும். காயில் என்றாலே ஆன்டெனாதானே, சுற்றியிருக்கும் மின்காந்தப் புலம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் கிப்சனில் வேலை பார்த்த செத் லவர். ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. இரண்டிலும் காந்த முனை எதிரெதிர், சுற்றும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டுக்குள்ளும் ஒரே மாதிரி நுழைகிறது. சுற்று எதிராக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கம்பியின் அதிர்வு மட்டும் காந்தம் வழியாக வருவதால் இரண்டு தடவை புரண்டு, கூடி நிற்கிறது. கணக்கில் கழித்தலைக் கழித்தால் கூட்டல் ஆகிற மாதிரி. இதைக் காகிதத்தில் வரைந்து முதன்முதலாகப் புரிந்துகொண்ட ராத்திரி நான் தூங்கவில்லை. இருபது வருஷமாகக் காயில் கட்டுகிறேன், இவ்வளவு அழகான ஒரு சுற்றை நான் பார்த்ததில்லை. அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. லவர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1955 ஜூன் 22. அதாவது படத்தில் வரும் அந்த நடன விழாவுக்கு ஐந்து மாதம்கூட முன்னால் இல்லை. காப்புரிமை கிடைத்தது 1959இல். பையன் 1955 மேடையில் கையில் வைத்திருந்த கிட்டாரின் உடம்பு அப்போது பிறக்கவில்லை, ஆனால் அதன் காயில் காகிதத்தில் பிறந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘தவறு’ என்ற சொல்லை அந்தக் காட்சிக்கு என்னால் பயன்படுத்த முடியவில்லை.

கட்டுவது லேசாக இல்லை. அதற்கு வேண்டியது 42 கேஜ் எனாமல் கம்பி. தடிமன் 0.063 மில்லிமீட்டர், அதற்குப் பக்கத்தில் ஃபேன் கம்பியை வைத்தால் நங்கூரக் கயிறு மாதிரி இருக்கும். ஒரு காயிலுக்கு ஏறத்தாழ 5000 சுற்று. ஒரு பிக்கப்புக்கு இரண்டு காயில், ஒரு கிட்டாருக்கு இரண்டு பிக்கப். கடைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வழிய உட்கார்ந்து சுற்றினேன். வாடைக் காற்று ஜன்னல் இடுக்கில் நுழைந்து கம்பியைத் தொட்டாலே அறுந்தது. மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒருமுறை, நாலாயிரத்து எண்ணூறில் ஒருமுறை. கடைசியில் கம்பியை இரண்டு கம்பளித் துணுக்குகளுக்கு நடுவில் விரலால் லேசாகப் பிடித்து ஓட்டப் பழகினேன். மெழுகில் முக்கினால் சத்தம் கூவாமல் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். முக்கவில்லை. 1950களில் கிப்சன் கட்டிய பிக்கப்புகள் மெழுகில் முக்காதவை. அப்படி ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பட்டியலையும் பழைய விவரக் குறிப்புகளையும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

வேரிடோன் என்ற ஆறு நிலை ஸ்விட்ச் ஒன்றும் 345இல் உண்டு. ஒரு நிலையில் சத்தம் அப்படியே போகும், மற்ற ஐந்திலும் கெபாசிட்டரும் சோக்கும் சேர்ந்து சத்தத்தின் ஒவ்வொரு பகுதியைக் குடைந்து எடுக்கும். சோக்குக்கு ஒரு செத்துப்போன டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தேன். நன்றாகவே வேலை செய்கிறது.

உப்பு குடித்த கட்டை

மர வேலைக்குத்தான் பாம்பன் தெற்குவாடியில் இருக்கும் ஆசாரியிடம் போனேன். என் மனசில் ஒரு கனவு இருந்தது. கடலில் ஓடி ஓய்ந்த ஒரு வத்தையின் பலகையில் கிட்டாரின் கழுத்தைச் செய்ய வேண்டும். கேட்டதும் தலையை ஆட்டினார். “வேணாம் தம்பி. உப்பு குடிச்ச கட்டை. எத்தனை வருஷம் காயப் போட்டாலும் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். இன்னிக்கு நேரா இருக்கும், ஆடியில பார்த்தா வளைஞ்சிருக்கும். ஆணி வச்சா ஆணியைத் தின்னுடும்.” நான் படம் பார்த்து ஆசைப்பட்டவன், அவர் மரத்தோடு ஐம்பது வருஷம் வாழ்ந்தவர். அந்த இடத்தில் உடனே கேட்டுக்கொண்டேன். மகோகனி மதுரையில் கிடைத்தது. அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. 2022 டிசம்பரில் நின்றது 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி ஓடியது. அதனால் கட்டையை மண்டபம் வரை ரயிலிலும், அங்கிருந்து பஸ்ஸில் மடியிலும் வைத்துக் கொண்டு வந்தேன். விரல் பலகைக்கு ஈட்டி. அது எங்கள் பாட்டியின் கல்யாணக் கட்டிலின் தலைப்பலகை. கால்கள் உளுத்துப்போய் பரணில் கிடந்தது.

ஆசாரியிடம் வரைபடம் என்று ஒன்று கிடையாது. படகின் அடிக்கட்டையான ஏரா போட்டு, விலா எலும்பு மாதிரியான வங்கு நிறுத்தி, கண்ணாலேயே பார்த்துப் பலகை ஏற்றுகிறவர். நான் நீட்டிய காகிதத்தைத் தள்ளிவிட்டு ஒரு நீளமான வாரைக் குச்சியைக் கொடுத்தார். “அளவெல்லாம் இதுல குறிங்க.” 345க்குக் கம்பி அதிரும் நீளம் இருபத்து நாலே முக்கால் அங்குலம், 628 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின், அதாவது விரல் பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பியின், தூரம் வரும், 35 மில்லிமீட்டரைச் சொச்சம். மிச்ச நீளத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் அடுத்தது. இப்படியே குறைந்துகொண்டே போய்ப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சரிபாதி நீளம் நிற்கும், அங்கே அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். குச்சியில் 22 கோடுகளையும் போட்டு முடித்ததும் ஆசாரி அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “பன்னெண்டு சரியா பாதி. நல்லாயிருக்கு” என்றார். அந்த இடம் அவருக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

பக்கவாட்டுப் பட்டைகளைப் படகுப் பலகையைப் போலவே நனைத்து, தணலில் வாட்டி, அச்சைச் சுற்றி வளைத்தார். மேல் பலகை குவிந்திருக்க வேண்டும். மெல்லிய மூன்று அடுக்குகளைப் பசை தடவி அச்சின் மேல் வைத்து, மணல் மூட்டைகளை ஏற்றி இரண்டு நாள் விட்டோம். இந்த வகைக் கிட்டாரின் மூளையே நடுவில் ஓடும் கட்டைதான். உடம்பு முழுவதும் கூடாக இருந்தால் ஸ்பீக்கர் சத்தத்துக்கு அதிர்ந்து கூவும். நடுவில் கட்டை ஓடினால் கூவல் அடங்கும், கூட்டின் மென்மை மட்டும் மிஞ்சும். அதற்கு மேப்பிள் வைப்பது வழக்கம். அந்தக் கனத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. “வீணைக்கு எதை வைக்கிறாங்க? பலாதானே?” என்றார் ஆசாரி. பலாவையே வைத்தோம். உள்ளே இருப்பது படத்தில் தெரியாது. தெரிவது மட்டும் படத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும், இதுதான் எங்களுக்குள் பேச்சு.

தடைக்காலத்தில், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும், அவர் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார். விசைப்படகு எல்லாம் கரையேறி வரிசையில் நிற்கும்; பலகை மாற்ற, இடுக்கில் பஞ்சு திணிக்க என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். கிட்டாருக்கு அவர் கொடுத்தது மழை மாதங்களை. ஆனால் மழை மாதத்தில் லாக்கர் என்ற மெருகுப் பூச்சை அடிக்க முடியாது. காற்றில் ஈரம் இருந்தால் அடித்த கையோடு பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். ஒருமுறை அவசரப்பட்டுக் கார்த்திகையில் அடித்து, முழுவதையும் சுரண்டி எடுத்தோம். பிறகு மாசி வரை காத்திருந்து, காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறியதும் அடித்தோம். படகுக்கு அடிக்கும் சிவப்பு எனாமலை அடித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்; மரத்தின் ரேகை மறைந்துபோயிருக்கும். செர்ரிச் சிவப்பு என்பது ரேகை தெரியும் சிவப்பு.

விரல் பலகையில் பதிக்க, கடைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் வில்லைகள் அனுப்புவதாகச் சொன்னார். மன்னார் வளைகுடாவின் கரையில் உட்கார்ந்துகொண்டு முத்துச்சிப்பிக்குப் பதில் பிளாஸ்டிக்கா? தாத்தாவின் மரப்பெட்டியில் பழைய முத்துச்சிப்பிகள் கிடந்தன. 345இன் அடையாளம் பிளந்த இணைகரம்: சாய்ந்த ஒரு கட்டத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாக்கியது போல. இங்கத்து முத்துச்சிப்பி உள்ளங்கைக்குள் அடங்குவது, வளைந்தது. பெரிய தட்டையான துண்டு கிடைக்காது. ஆனால் பிளந்த வடிவம் என்பதால் சின்னத் துண்டுகளே போதுமாக இருந்தன. அந்தப் பொருத்தத்தில் மனசு நிறைந்துபோயிருந்த சமயத்தில்தான், எந்த ஃப்ரெட்டில் எது வருகிறது என்று காட்டுவதற்காக ஆசாரியைக் கடைக்குக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டேன். அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்.

ஜூன் மாதத்துச் செய்தி

2025 மாசியில் கிட்டார் முடிந்தது. ஈஸ்டர் திருப்பலியில் முதன்முதலாக வாசித்தேன். டியூப்லைட் எல்லாம் எரிந்தன, ‘ம்ம்ம்’ இல்லை. ஆசாரி கடைசி வரிசைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்ததும் மேடைக்கு வந்து, கிட்டாரின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டுப் போனார்.

ஜூன் தொடக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. படத்தின் 40ஆம் ஆண்டை ஒட்டி, அந்த ஒரிஜினல் கிட்டாரைத் தேடுவதாகக் கிப்சன் அறிவித்தது. அது லாஸ் ஏஞ்சலஸில் பழைய கிட்டார்கள் விற்கும் நார்மன்ஸ் கடையிலிருந்து படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுக்கப்பட்டது. இரண்டாம் பாகத்துக்காக மறுபடி தேடியபோது கிடைக்கவில்லை. அறிவிப்பு வந்தபோதும் அது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கலாம், பாருங்கள் என்ற தொனியில் எல்லாரையும் கேட்டிருந்தார்கள். ஆர்வத்தோடு படித்துக்கொண்டே வந்தேன். அடையாளம் எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கமான 345இல் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இருப்பதும் பிளந்த இணைகரம்தான். படத்தில் வந்த அந்த ஒரு கிட்டாரில் மட்டும் அது பிளக்காமல் முழுசாக இருக்கும்.

கடையில் மோட்டார் ஒன்று பிரித்துப் போட்டபடி இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் போட்டு, அந்த இடத்துக்கு ஓட்டி நிறுத்தினேன். முழுசாக இருந்தது. வெளிச்சம் இல்லை, நிழல் இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லாமல் முழுசாக இருந்தது. பதினாலு வயதிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை. ஆனால் பட்டியல் கைக்கு வந்த நாளிலிருந்து நான் படத்தைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 345 என்றால் பிளந்தது என்று படித்திருந்தேன்; அதனால் பிளந்ததாகவே பார்த்தேன். எதையும் படிக்காத ஒருவர் முதல் தடவையிலேயே கண்டார், என்னிடம் சொன்னார். அவரிடம் நான் விளக்கம் கொடுத்தேன்.

கரெக்ட்டான மாடலைச் செய்வதற்கும் அந்தக் கிட்டாரைச் செய்வதற்கும் உள்ள தூரம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கிப்சன் செய்த இஎஸ்-345கள் எத்தனையோ இருக்கும். மண்டபத்துக் கூடத்தில் நான் பார்த்தது அவற்றில் ஒன்றே ஒன்றை. யாரோ ஒரு வேலைக்காரர், ஏதோ ஒரு காரணத்துக்காக, அந்த ஒரு இடத்தில் வேறு துண்டைப் பதித்திருக்கிறார். அவர் கையின் தடம் அது. நாற்பது வருஷம் கழித்து அந்தக் கிட்டாரை உலகத்தில் உள்ள மற்ற எல்லாக் கிட்டாரிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அது ஒன்றுதான். நான் ஆசையோடு செய்த கிட்டாரில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. சரித்திரப்படி செய் என்று சொன்ன ஆசிரியரிடம் எவ்வளவு உறுதியாகப் பேசினேன்! அவர் கேட்டது 1955இன் உண்மையை, நான் பிடித்துக்கொண்டது பட்டியலின் உண்மையை. கண்ணுக்கு எதிரே இருந்ததை இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் தெற்குவாடிக்குப் போனேன். கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. செய்தியைச் சொன்னேன். அன்றைக்கு அவர் கேட்டதையும், நான் சொன்னதையும் சொல்லி, மன்னிச்சுக்கங்க ஐயா என்றேன். அவர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பழைய விஷயத்தைச் சொன்னார். அவர் இளவட்டமாக இருந்தபோது ஒருவர் வந்து, இன்னாரோட வள்ளம் மாதிரியே எனக்கும் ஒண்ணு வேணும் என்று கேட்டாராம். அந்த வள்ளத்துக்கு எப்போதும் மீன் படும் என்று பேர். இவருடைய குரு போய் அளந்து பார்த்தார். முன்பக்கமான அணியத்தில் ஒரு வங்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. குரு புதிய வள்ளத்திலும் ஒரு விரல்கடை தள்ளியே நிறுத்தினார். ஏன் தப்பைச் செய்றீங்க என்று இவர் கேட்டதற்கு, “தப்பா சரியான்னு அவர் கேட்கலை. அந்த வள்ளம் வேணும்னுதான் கேட்டார்” என்றாராம். சொல்லி முடித்துவிட்டு ஆசாரி என்னைப் பார்த்து, “இதுக்குப் பெரிய சிப்பி வேணுமே. தாத்தா பெட்டியில இருக்கிறது பத்தாது” என்றார். அவ்வளவுதான்.

பத்தாதுதான். பிளந்த வடிவத்துக்குப் போதுமாக இருந்த நம் முத்துச்சிப்பியில் அந்த அகலத்துக்கு ஒரே தட்டைத் துண்டு வெட்ட வழியில்லை. ஐந்தாறு சிப்பி உடைத்துப் பார்த்தோம். எல்லாம் வளைவு. ராமேஸ்வரத்தில் சங்கும் சிப்பியும் விற்கும் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பெரியவர் உள்ளே போய், பழைய சரக்கிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டு வந்தார். அந்தமானிலிருந்து வந்த பெரிய முத்துச்சிப்பி, சாப்பாட்டுத் தட்டில் பாதி இருக்கும். ஓரத்தில் கறுப்பு ஓடியிருந்தது. உள்பக்கம் திருப்பினால் பச்சையும் ஊதாவும் மாறி மாறி அடித்தது. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். விலையில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

பதித்த சிப்பியை எடுப்பது பதிப்பதைவிடப் பயமான வேலை. இஸ்திரிப் பெட்டியின் முனையால் சூடு காட்டிப் பசையை இளக்கி, மெல்லிய உளியை உள்ளே விட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஈட்டி பெயர்ந்துவிடும், பாட்டியின் கட்டில் இனி இன்னொன்று கிடையாது. ஆசாரியின் கை அந்த வயதில் லேசாக நடுங்கும். உளி மரத்தைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அன்றைக்கும் பார்த்தேன். இரண்டு துண்டும் முழுசாக வந்தன. நடுவில் இருந்த மெல்லிய மரச் சுவரையும் எடுத்துவிட்டு, குழியை ஒரே கட்டமாக்கினார். புதிய துண்டை ஈரம் வைத்து நான் தேய்த்தேன், அவர் வைத்து வைத்துப் பார்த்தார். சாயங்காலம் நாலு மணிக்கு அது உட்கார்ந்தது. மற்ற சிப்பிகள் பால்வெள்ளை; இது ஒன்று மட்டும் மழைக்கு முந்தின கடல் மாதிரி கொஞ்சம் கறுத்து மின்னுகிறது. திரையில் உள்ளது இந்த நிறம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாற்ற மாட்டேன்.

எடுத்த இரண்டு துண்டுகளையும் ஆசாரி தன் உளிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கம்பி மாட்டி, சுதி சேர்த்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரல் வைத்து ஒரு சுரம் வாசித்துக் காட்டினேன். கொட்டகைக்கு வெளியே படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் கடைக்கு வந்தார். டீ சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டேன், அந்த நடன விழாவுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து. கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ரிமோட்டையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்தட்டும். இரண்டு இடத்தில் நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் திரையையும் மடியையும் மாறி மாறி ரொம்ப நேரம் பார்த்தார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தேன்.